உப்பில்லாத ரொட்டியும் பிற்பகலில் மூடும் கடைகளும்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இத்தாலிக்குச் சுற்றுலா சென்று திரும்பிய அன்பர் ஒருவர் எழுதிய கடிதம் சில நாள்களுக்கு முன்பு தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் வெளிவந்திருந்தது. ரோம், பிளாரன்ஸ், வெனிஸ் நகரங்களை மனம் நிறைந்து பாராட்டியிருந்த அவர், தஸ்கனி மாநில நாட்டுப்புறத்தில் கழித்த இரண்டு நாள்களைப் பற்றி மட்டும் மனக்குறையோடு எழுதியிருந்தார். ரொட்டியில் உப்பு இல்லை. பிற்பகலில் ஒரு கடைகூடத் திறந்திருக்கவில்லை. பண்ணைவீட்டில் கேட்டதைச் சமைக்காமல் இருந்ததைத்தான் பரிமாறினார்கள். பழக்கடையில் பழத்தைத் தொடவே விடவில்லை. இவைதாம் அவர் சொன்ன குறைகள். அவர் கண்டதில் பிழையேதும் இல்லை. நானும் என் கணவரும் சென்ற ஆண்டு அக்டோபர் இறுதியில் அதே வட்டாரத்தில் 12 நாள்கள் தங்கியிருந்தோம். முதல் இரண்டு நாள்களில் எங்களுக்கும் இதே குறைகள்தாம் தோன்றின. அந்த அன்பர் இன்னும் நான்கைந்து நாள்கள் தங்கியிருந்தால் அவருடைய கடிதம் வேறு விதமாக அமைந்திருக்கும் என்று நம்புவதால்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் தங்கியது சியனா நகருக்குத் தெற்கே, ஒர்ச்சா ஆற்றுப் பள்ளத்தாக்கில், பியென்சா ஊருக்கு அருகிலுள்ள ஒரு பண்ணைவீடு. பியென்சா என்பது, 15ஆம் நூற்றாண்டில் போப்பாண்டவராக இருந்த இரண்டாம் பயஸ், தாம் பிறந்த சிற்றூரைத் திருத்திக் கட்டித் தம் பெயரையே சூட்டிய ஊர். சுற்றியுள்ள பள்ளத்தாக்கை யுனெஸ்கோ நிறுவனம் 2004ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நாள்காட்டிப் படங்களில் நாம் பார்க்கும் மென்மையான குன்றுகளும், வளைந்து ஏறும் மண்பாதையும், அதன் இருமருங்கிலும் வரிசையாக நிற்கும் சைப்ரஸ் மரங்களும் அங்கே உள்ளவை. அவை இயற்கை தானாகத் தந்த காட்சி அல்ல, பல நூற்றாண்டுகளாக உழவர்கள் உழுது, வரப்பிட்டு, மரம் நட்டு உருவாக்கியவை என்பதை அங்கே தங்கிய பிறகுதான் உணர்ந்தோம். மிலான் நகரில் பணிபுரியும் எங்கள் மகள் முதல் ஒரு வாரம் உடனிருந்ததால், அந்த வீட்டு அம்மாளோடு பேசவும் கேட்கவும் முடிந்தது. அந்த வாய்ப்பு இல்லாதிருந்தால் நானும் குறைகளை மட்டுமே சுமந்துகொண்டு திரும்பியிருப்பேன்.

இத்தகைய பண்ணைவீடுகளை அவர்கள் 'அக்ரிதூரிஸ்மோ' என்கிறார்கள். இது விடுதிக்கு வைத்த அழகுப் பெயர் அன்று. சட்டம் வரையறுத்த ஒரு தொழில். 1985ஆம் ஆண்டு இதற்கென்றே ஒரு தேசியச் சட்டம் இயற்றப்பட்டு, 2006இல் வேறொரு சட்டத்தால் புதுப்பிக்கப்பட்டது. வேளாண்மைதான் முதன்மைத் தொழிலாக இருக்கவேண்டும், விருந்தினரைத் தங்கவைப்பது அதைச் சார்ந்த துணைத்தொழிலாகவே இருக்கவேண்டும் என்பது அச்சட்டத்தின் அடிப்படை. பரிமாறும் உணவிலும் சொந்தப் பண்ணையிலும் அக்கம்பக்கத்துப் பண்ணைகளிலும் விளைந்தவை கணிசமான பங்காக இருக்கவேண்டும். எவ்வளவு என்பதை அந்தந்த மாநில அரசு முடிவு செய்கிறது. ஆகவே, பண்ணைவீட்டில் நீண்ட பட்டியலை நீட்டி 'எது வேண்டும்' என்று கேட்கமாட்டார்கள். அன்று தோட்டத்தில் என்ன இருந்ததோ அதுவே இரவு உணவாகும். நாங்கள் இருந்த நாள்களில் கறுப்பு முட்டைக்கோஸ் என்று அவர்கள் சொல்லும் நீண்ட கரும்பச்சை இலைக் கீரையும், பூசணியும், உலர்ந்த வெள்ளைப் பயறும், கொண்டைக்கடலையும் மாறிமாறி வந்தன. தஸ்கனி மக்களை மற்ற இத்தாலியர்கள் 'பயறு தின்னிகள்' என்று கேலி செய்வதுண்டாம். சேஜ் இலையும் பூண்டும் போட்டு, கொதி வராமல் சிறு தீயில் மணிக்கணக்காக வேகவைத்து, தோல் உரியாமல் உள்ளே வெண்ணெயாகக் குழைந்த அந்தப் பயற்றைச் சாப்பிட்ட எவருக்கும், அந்தக் கேலி ஏன் அவர்களுக்குச் சற்றும் வலிக்கவில்லை என்பது புரியும்.

ரொட்டிக்கு வருகிறேன். 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்று கேட்டு வளர்ந்த நமக்கு அந்த ரொட்டியின் முதல் துண்டு ஏமாற்றமாகத்தான் இருக்கும். அதை அவர்களே 'பானே ஷோக்கோ' என்கிறார்கள். பொது இத்தாலிய வழக்கில் 'ஷோக்கோ' என்றால் அசடு என்று பொருள். தஸ்கனி வழக்கில் உப்புச் சப்பில்லாதது என்று பொருள். உப்பு விற்ற பைசா நகரம் உள்நாட்டுக்கு வரும் உப்பை ஒரு காலத்தில் தடுத்து நிறுத்தியதாகவும், பிளாரன்ஸ் மக்கள் பணிந்து போக மனமின்றி உப்பில்லாமலே ரொட்டி சுடத் தொடங்கியதாகவும் ஊரார் கதை சொல்கிறார்கள். கதை எப்படியானாலும், வழக்கம் பழையது என்பதில் ஐயமில்லை. பிளாரன்ஸிலிருந்து 1302ஆம் ஆண்டு வெளியேற்றப்பட்ட கவிஞர் தாந்தே, பிறர் வீட்டு ரொட்டி உப்புக் கரிப்பதை நாடிழந்தவனின் துயரத்துக்கு அடையாளமாகப் பாடியிருக்கிறார். எங்கள் நாக்குக்குக் குறையாகப்பட்டதை நினைத்து ஏங்கும் மக்கள் 700 ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறார்கள். இன்றைக்கும் 'பானே தொஸ்கானோ' என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பிறப்பிடப் பாதுகாப்பு இருக்கிறது. 2016இல் கிடைத்த அந்தத் தகுதியின்படி, மாவில் உப்புச் சேர்த்தால் அந்தப் பெயரையே பயன்படுத்த முடியாது.

இருந்தாலும், கதையும் சட்டமும் எங்கள் நாக்கை மாற்றிவிடவில்லை. மாற்றியது அந்த ஊர் எண்ணெய் ஆலையில் கழித்த ஓர் இரவு.

அக்டோபர் இறுதியும் நவம்பரும் அங்கே ஆலிவ் பறிக்கும் காலம். மரத்தடியில் பெரிய வலையை விரித்து, சீப்பு போன்ற கருவியால் கிளைகளைக் கோதிக் காய்களை உதிர்க்கிறார்கள். இரண்டு நாள்கள் நாங்களும் காலையில் சிறிது நேரம் உதவினோம். மரங்களைப் பார்த்தபோது, பெரும்பாலானவை ஒற்றைத் தண்டாக நிற்காமல், ஒரே அடிக்கட்டையிலிருந்து மூன்று நான்கு தண்டுகளாகப் பிரிந்து நின்றதைக் கண்டு காரணம் கேட்டேன். 1985 ஜனவரியில் கடும் உறைபனி அடித்தது; தஸ்கனியில் சில இடங்களில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியையும் தாண்டி இறங்கியது; மரங்கள் வெடித்துக் கருகின. உழவர்கள் அவற்றைத் தரையோடு வெட்டிவிட்டுக் காத்திருந்தார்கள். வேர் சாகவில்லை. அடிக்கட்டையைச் சுற்றித் துளிர்த்தவற்றில் நல்லவற்றை மட்டும் விட்டு வளர்த்தவைதாம் இன்று நிற்கும் மரங்கள். அந்த அம்மாளின் மாமனார் அந்த ஆண்டு ஒவ்வொரு மரமாக வெட்டிய நாள்களில் யாரோடும் பேசாமல் இருந்தாராம். இதைச் சொல்லும்போது அந்த அம்மாள் ஒரு மரத்தின் அடிக்கட்டையில் கையை வைத்தபடியே நின்றார்.

பறித்த காய்களை அதிகம் காக்கவைக்காமல், கூடியவரை அன்றைக்கே ஆலைக்குக் கொண்டுபோகிறார்கள்; தேங்கினால் புளித்துவிடும். முன்பதிவு செய்த நேரம் இரவு ஒன்பது மணி என்பதால் நாங்களும் வண்டியில் உடன் சென்றோம். காய்களைக் கழுவி, கொட்டையோடு அரைத்து, அந்த விழுதை மெதுவாகக் கிளறி, பின்பு சுழற்றிப் பிரிக்கிறார்கள். விழுதின் சூடு 27 டிகிரியைத் தாண்டக்கூடாது. தாண்டினால் 'குளிர்ந்த முறையில் எடுத்தது' என்று புட்டியில் அச்சிட முடியாது. 100 கிலோ காய்க்கு 13 கிலோ அளவில் எண்ணெய் வந்தது. அது நல்ல வரவு என்று எல்லாரும் மகிழ்ந்தார்கள். குழாயிலிருந்து வழிந்த எண்ணெய், கடைப்புட்டிகளில் நாம் பார்க்கும் வெளிறிய மஞ்சள் நிறத்தில் இல்லை. கலங்கலான இளம்பச்சை நிறம். அப்போதுதான் அறுத்த புல்லின் வாசம்.

ஆலையின் மூலையில் விறகு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அந்த அம்மாள் பையிலிருந்து முந்தைய நாள் ரொட்டியை எடுத்துக் கனமாக அரிந்து, தணலில் இருபுறமும் வாட்டினார். பச்சைப் பூண்டுப் பல்லை அந்தச் சொரசொரப்பான பரப்பில் தேய்த்தார். பூண்டு கரைந்து காணாமலே போயிற்று. புது எண்ணெயை ரொட்டி ஊறி ஒழுகும்வரை ஊற்றினார். கடைசியாகக் கல்லுப்பை விரல் நுனியால் எடுத்து மேலே தூவினார். 'ஃபெத்தூந்தா', அதாவது எண்ணெய் தோய்ந்த துண்டு, என்பது அதன் பெயர். கடித்ததும் முதலில் பசுமை, பிறகு கசப்பு, விழுங்கும்போது தொண்டையில் மிளகு உறைத்தாற்போல ஒரு காந்தல். என் கணவர் இருமவே தொடங்கிவிட்டார். இருமல் வருவதுதான் நல்ல எண்ணெய்க்கு அடையாளம் என்று ஆலைக்காரர் தோளைத் தட்டிச் சொன்னார். அந்த உறைப்பைத் தரும் பொருளுக்கு அறிவியலார் வைத்த பெயர் 'ஓலியோகாந்தல்' என்று மகள் பின்னர் சொன்னபோது, லத்தீன், கிரேக்க வேர்களிலிருந்து பிறந்த அந்தப் பெயர் நம்முடைய 'காந்தல்' என்ற சொல்லில் வந்து முடிவது தற்செயல்தான் என்றாலும், எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

அப்போதுதான் எனக்கு ரொட்டி விளங்கியது. அந்த ரொட்டியில் முன்பே உப்பு இருந்திருந்தால் எண்ணெயின் சுவை அத்தனை தெளிவாக வந்திருக்காது. அது தனியாக உண்பதற்குச் செய்த ரொட்டியே அன்று. உப்புக் கரிக்கும் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டிக்கும், அசைவம் உண்பவர்களுக்கு உப்பிட்டு உலர்த்திய இறைச்சிக்கும், இப்படி எண்ணெய்க்கும் இடம் விட்டு நிற்பது. உப்பில்லாததால் அது பூசணம் பிடிக்காமல் காய்ந்து இறுகுகிறது என்றும், அதனால்தான் பழைய ரொட்டியை வைத்தே பாதிச் சமையல் நடக்கிறது என்றும் அந்த அம்மாள் சொன்னார். கீரையும் பயறும் காய்ந்த ரொட்டியும் சேர்த்துச் சமைத்து, மறுநாள் மீண்டும் கொதிக்க வைத்து உண்ணும் 'ரிபொல்லீத்தா' அந்த வகைதான். முதல் நாளைவிட மறுநாள்தான் அதன் ருசி கூடுகிறது. பழையதின் அருமை தெரிந்த நமக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

இனி, பழத்தைத் தொடவிடாத கடை. எனக்கும் இது நேர்ந்தது. பியென்சாவை அடுத்த ஒரு சிற்றூர்க் கடையில் பேரிக்காயைக் கையிலெடுத்து அழுத்திப் பார்த்தேன். கடையிலிருந்த மூதாட்டி விரைந்து வந்து என் கையிலிருந்து பழத்தை வாங்கிக்கொண்டார். முகம் சுருங்கிப் போன நான் வெளியேறப் பார்த்தேன். அவர் விடாமல் ஏதோ கேட்டார், "இன்றைக்குச் சாப்பிடவா, நாளைக்கா, அல்லது ஞாயிற்றுக்கிழமைக்கா?" என்று மகள் மொழிபெயர்த்தாள். இன்று இரண்டு, நாளை மறுநாள் நான்கு என்றோம். ஒவ்வொரு பழத்தின் காம்படியையும் கட்டைவிரலால் மெல்லத் தொட்டுப் பார்த்து, இன்றைக்கானதைத் தனித்தாளிலும் மற்றதை வேறு தாளிலும் சுற்றித் தந்தார். அவர் சொன்ன நாளில் அவை சொன்னபடியே கனிந்திருந்தன. வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் அழுத்திப் பார்த்தால் மாலைக்குள் எல்லாப் பழமும் கன்றிப்போகும் என்பது ஒரு காரணம். தேர்ந்து கொடுப்பது தம் பொறுப்பு, தம் பெருமை என்பது அதைவிடப் பெரிய காரணம். பேரங்காடிகளிலும், காய்கறியைத் தொடுவதற்கு மெல்லிய பிளாஸ்டிக் கையுறை வைத்திருக்கிறார்கள். அதை அணியாமல் எடுத்தால் பக்கத்தில் நிற்பவரே சொல்லிவிடுவார்.

அந்தப் பேரிக்காயை அன்றிரவு பெக்கொரீனோ என்னும் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியோடு அரிந்து வைத்தபோது, அந்த அம்மாள் ஒரு பழமொழி சொன்னார்: 'பாலாடைக்கட்டியோடு பேரிக்காய் எவ்வளவு ருசி என்பதைக் குடியானவனுக்குத் தெரியவிடாதே.' இத்தாலி முழுவதும் வழங்கும் பழமொழி இது. கேட்கும்போது சிரிப்பு வரும். பின்னணி தெரிந்தால் சிரிப்பு நின்றுவிடும். அந்த வட்டாரத்து நிலங்கள் பல நூற்றாண்டுகளாக 'மெத்ஸத்ரீயா' என்னும் முறையில் உழப்பட்டவை. நிலமும் வீடும் நிலக்கிழாருடையவை. உழைப்பு குடியானவர் குடும்பத்துடையது. விளைந்ததில் பாதி கிழாருக்கு. நம் வாரக் குத்தகை போன்றது என்று கொள்ளலாம். நாங்கள் தங்கிய வீடே அப்படி ஒரு குடியானவர் வீடுதான்: கீழ்த்தளத்தில் மாடுகள், அவற்றின் வெதுவெதுப்பு ஏறும் மேல்தளத்தில் மனிதர்கள். புதிதாக அத்தகைய ஒப்பந்தம் செய்வதை 1964ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. ஆனால் அதற்கு முன்பே மக்கள் நகரத்து ஆலைகளை நோக்கிப் போகத் தொடங்கியிருந்தார்கள். வீடுகள் பாழடைந்தன. காலியான மேய்ச்சல் நிலங்களுக்குச் சார்டீனியா தீவிலிருந்து ஆட்டிடையர்கள் வந்து குடியேறினார்கள். இன்று பியென்சாவின் பெருமையாகப் பேசப்படும் பாலாடைக்கட்டிக்கு அவர்கள் உழைப்பும் ஒரு காரணம். பாழடைந்த வீடுகளை மீட்டெடுத்து, உழவர்களை நிலத்திலேயே நிறுத்தி வைப்பதற்கு வழி தேடியபோதுதான் மேலே சொன்ன அக்ரிதூரிஸ்மோ சட்டம் வந்தது. அறையின் அழகைப் படமெடுக்கும் பயணிகள், அந்த அறை முன்பு யாருடையது என்று ஒரு முறையேனும் கேட்கவேண்டும் என்பது என் விருப்பம்.

பிற்பகல் மூடலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாங்களும் ஒரு நாள் மூன்று மணிக்குப் பசியோடு ஒரு குன்றூரைச் சென்றடைந்து, எல்லாக் கதவும் சாத்தியிருக்கக் கண்டு கலங்கினோம். உணவகங்களில் மதிய உணவு பன்னிரண்டரையிலிருந்து இரண்டு அல்லது இரண்டரை வரைதான். இரவு உணவு ஏழரைக்கு முன்பு கிடையாது. சிறு ஊர்க் கடைகளை ஒரே குடும்பம் நடத்துகிறது. காலையில் திறப்பவரும் இரவு எட்டு மணிக்கு அடைப்பவரும் ஒருவரே. அவர் ஒரு மணிக்கு வீட்டுக்குப் போய்க் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு நான்கு மணிக்குத் திரும்புகிறார். அந்த நேரத்தில் திறந்திருப்பது 'பார்' மட்டுமே. அங்கே 'பார்' என்றால் காப்பிக்கடை என்பதை நம்மவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. நின்றபடியே குடித்தால் ஒரு சிறு கோப்பைக் காப்பி 1.30 யூரோ, உட்கார்ந்தால் பல இடங்களில் விலை கூடும், விலைப்பட்டியல் சுவரிலேயே இருக்கும். பால் நுரைத்த கப்புச்சீனோ காலை உணவுக்கு உரியது. உணவுக்குப் பிறகு அதைக் கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் வயிறு நிறைந்த பின் அவ்வளவு பாலா என்ற கவலை அவர்கள் முகத்தில் தெரியும். 'லாத்தே' என்று மட்டும் கேட்டால் வெறும் பால்தான் வரும். மாலை ஐந்து மணிக்கு மேல் ஊரே நல்லாடை உடுத்தி, முதியவர்கள் கைகோத்துக்கொண்டு, ஒரே தெருவில் மேலும் கீழுமாக நடக்கிறது. எதையும் வாங்குவதற்காக அன்று, பார்க்கவும் பேசவும்.

தனிப்பட்ட பழக்கங்களில் இரண்டு என் மனத்தை விட்டு நீங்கவில்லை. ஒருவர் வீட்டு வாசலைத் தாண்டும்போது, கதவு திறந்திருந்தாலும், வீட்டார் எதிரில் நின்று 'வாருங்கள்' என்றே அழைத்தாலும், உள்ளே வருபவர் 'பெர்மெஸ்ஸோ?', அதாவது 'அனுமதி உண்டா?' என்று கேட்டுவிட்டுத்தான் காலெடுத்து வைக்கிறார். பத்து ஆண்டுகளாக அன்றாடம் வந்துபோகும் பக்கத்து வீட்டுக்காரரும் அப்படியே கேட்டார். மற்றொன்று, வேலை செய்துகொண்டிருப்பவரைக் கடந்து செல்லும்போது சொல்லும் 'புவோன் லவோரோ' என்ற வாழ்த்து: உங்கள் வேலை நன்றாக நடக்கட்டும். வலையோடு ஆலிவ் மரத்தடியில் நின்ற எங்களைப் பார்த்து, சாலையில் போன அஞ்சல்காரர் வண்டியின் வேகத்தைக் குறைத்து இதைச் சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் அயலார் என்பது அவருக்குத் தெரியும். கையில் வேலை இருந்ததால் வாழ்த்து எங்களுக்கும் உரியதாயிற்று.

குளியலறையைப் பற்றி எழுதுவதை ஆசிரியர் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பாவில் பல நாடுகளில் தாள் மட்டுமே இருக்கும் நிலையில், இத்தாலிய வீடுகளில் கழுவிக்கொள்வதற்கென்றே 'பிதே' எனும் தாழ்வான பீங்கான் தொட்டி, தண்ணீர்க் குழாயோடு, கழிப்பறையை ஒட்டியே அமைந்திருக்கிறது. வீட்டின் ஒரு குளியலறையிலாவது அது இருக்கவேண்டும் என்று 1975ஆம் ஆண்டின் அரசாணையே சொல்கிறது. நீர் கொண்டு தூய்மை செய்யும் பழக்கமுள்ள நம் முதியவர்கள் வெளிநாட்டுப் பயணத்தில் வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் ஒரு துன்பம் இத்தாலியில் இல்லை என்பதை அவர்கள் முன்கூட்டியே அறிந்துகொண்டால் நிம்மதியாகப் புறப்படுவார்கள்.

நான் செய்யவிருந்த ஒரு தவற்றையும் சொல்லவேண்டும். அக்டோபர் இறுதியில் பூக்கடைகளெல்லாம் செவ்வந்தியால் நிறைந்திருந்தன. மஞ்சளும் வெள்ளையுமாக அவ்வளவு செவ்வந்தியை ஒருசேரப் பார்த்ததும், அந்த அம்மாளுக்கு ஒரு தொட்டி வாங்கிச் செல்ல ஆசைப்பட்டேன். பணத்தை எடுக்கும் நேரத்தில் மகள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அங்கே செவ்வந்தி கல்லறைப் பூ. நவம்பர் 1 புனிதர் அனைவரின் திருநாள். 2ஆம் நாள் இறந்தோர் நினைவு நாள். குடும்பங்கள் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்று செவ்வந்தி வைத்து வணங்குகின்றன. உயிரோடிருப்பவர் கையில் அதைக் கொடுப்பது பெரும் அமங்கலம். நமக்கு மங்கலமான மலர் என்பதால் இது யாருக்கும் நேரக்கூடும். நாங்கள் அந்தப் பூவை வாங்கவே செய்தோம். ஆனால் அந்த அம்மாளிடம் கேட்டு, அவரோடு சென்று, மரங்களை வெட்டிவிட்டு மீண்டும் வளர்த்த அந்த மாமனாரின் கல்லறையில் வைத்தோம். அன்று மாலை அவர் 'பான் கோ சாந்தி' என்ற ரொட்டியைச் சுட்டிருந்தார். 'சாந்தி' என்றால் அவர்கள் மொழியில் புனிதர்கள்; மாவில் புதைந்திருக்கும் உலர்திராட்சையும் வால்நட்டும்தாம் அந்தப் புனிதர்கள். சியனா வட்டாரத்தில் இந்த நாளையொட்டி மட்டுமே செய்வது வழக்கம். இனிப்பு ரொட்டியைக் கடித்தபோது நடுவில் மிளகு காரம் தட்டியது எங்களுக்கு எதிர்பாராத உறவாக இருந்தது.

சைவ உணவுக்காரர்களுக்குச் சில சொற்கள். பயறும் கீரையும் நிறைந்த வட்டாரம் என்பதால் பட்டினிக்கு வழியில்லை. முட்டையில்லாமல், மாவும் தண்ணீரும் மட்டும் பிசைந்து, உள்ளங்கையால் பலகையில் உருட்டி நீட்டும் 'பிச்சி' என்ற, தடித்த நூல் போன்ற பாஸ்தா சியனா பக்கத்துச் சிறப்பு. ஒரு நாள் சமையலறை மேசையில் அந்த அம்மாளோடு உட்கார்ந்து நானும் உருட்டினேன். விரலால் அழுத்தாமல், உள்ளங்கையின் நடுப்பகுதியால் வெளிப்பக்கமாகத் தள்ளவேண்டும் என்று என் கைமேல் தம் கையை வைத்துக் காட்டினார். அவர் உருட்டியது ஒரு முழத்துக்கு மேல் சீராக நீண்டது. என்னுடையது நடுவில் பருத்தும் ஓரத்தில் மெலிந்தும் இருந்தாலும், அதையும் அதே பானையில்தான் போட்டார். ஆனால் கவனம் தேவை. காய்கறிச் சூப்பில் சுவைக்காகப் பன்றிக்கொழுப்பைச் சேர்ப்பவர்கள் உண்டு. 'இறைச்சி வேண்டாம்' என்றால் அது நினைவுக்கு வராது, கொழுப்பும் கூடாது என்று தனியே சொல்லவேண்டும். பார்மிஜானோ பாலாடைக்கட்டியைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருளால்தான் உறைய வைக்கிறார்கள். பெக்கொரீனோ பலவற்றிலும் அதே நிலைதான். கண்டிப்பான சைவர்கள் 'கால்யோ வெஜெத்தாலே', அதாவது தாவர உறைபொருள், என்று கேட்டு வாங்கவேண்டும். முட்செடிப் பூவால் உறைய வைத்த பெக்கொரீனோ பியென்சாவிலேயே கிடைக்கிறது.

தங்கள் நாளிதழின் பயணப் பகுதி, எந்தக் கோபுரம் எத்தனை அடி உயரம் என்பதோடு, எந்த ஊரில் எந்த நேரத்தில் அடுப்பு எரியும், வாசலில் என்ன சொல்லி நுழையவேண்டும் என்பனவற்றையும் எழுதினால், நம் வாசகர்கள் அங்கே விருந்தினராக நடந்துகொள்ள உதவியாக இருக்கும். முன்பு கடிதம் எழுதிய அன்பர் மீண்டும் செல்வதாக இருந்தால், அக்டோபர் கடைசி வாரத்திலிருந்து நவம்பர் நடுப்பகுதிக்குள் செல்லட்டும். ஒரே பண்ணைவீட்டில் ஐந்து நாள்களாவது தங்கட்டும். காய்கள் ஆலைக்குப் போகும் இரவு எது என்று கேட்டு வைத்துக்கொண்டு, ஒரு சிறு பரிசோடு உடன் செல்லட்டும். பரிசு எதுவாகவும் இருக்கலாம், செவ்வந்தியைத் தவிர.

இங்ஙனம்,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி